தட்டில் நாலு பழம்

சன்னலோரம் நீயே ஒக்காந்துக்க அம்மணி. எனக்கு வெளிய பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஈரோடு வந்தா எறங்கிக்குவேன், அவ்வளவுதான். நீ சேலமா? அப்ப எனக்கு முன்னாலயே எறங்கிருவ. நல்லதாப் போச்சு, அதுவரைக்கும் பேச்சுத் தொணை.

பட்டுச் சேலை கட்டீட்டு, தலை நெறையப் பூ வெச்சுட்டு, கையில ஒத்தப் பையோட இந்தப் பொம்பளை எங்க போறான்னு பாத்தயல்ல? நீ கேக்கல. ஆனா பாத்த. நீ பாத்தத நானும் பாத்தேன்.

கல்யாணத்துக்குத்தான் வந்தேன் அம்மணி. மெட்ராஸுக்கு. கல்யாணம் நாளைக்கு வெடியால. நான் இன்னைக்கே ஊருக்குப் போறேன். எதுக்குன்னு கேளு. கேக்காட்டியும் சொல்லுவேன்.

கல்யாணப் பொண்ணு மிருதுளா, என்ற கொழுந்தனாரு மக. கொழுந்தனாரு எட்டு வருசத்துக்கு முன்னால நெஞ்சு வலின்னு படுத்தவரு எந்திரிக்கல. அவரு சம்சாரம் கோகிலவாணி. எனக்கு ஓரகத்தி. நான் மூத்த மருமக, அவ எளையவ. இப்ப அவ தாலி அறுத்தவ, மணவறையில ஒக்கார முடியாது பாரு. அதனால பொண்ணத் தாரை வார்த்துக் குடுக்கறது நானும் என்ற ஊட்டுக்காரரும்னு பேச்சு. மாப்பிள்ளை கையில பொண்ணு கையப் புடிச்சு வெச்சுச் சொம்புல இருந்து தண்ணி ஊத்தறதிருக்குதே, அது. எனக்கு ஒரே பையன். பொண்ணு கெடையாது. பொண்ணு பெத்தவளுக்குத்தான் அந்தக் குடுப்பினை. எனக்கு இந்தப் பொறப்புல இல்லைன்னு விட்டிருந்தேன். கோகிலாவே போன் போட்டு, "அக்கா, நீங்கதான் பண்ணோணும்"னா. அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல, சந்தோசத்துல.

அத விட்டுப்போட்டு வந்துட்டேன். வந்தேன்னா என்னமோ இருக்கோணுமல்ல?

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்புடறேன். நான் பொறாமைப்படற ஆளு கெடையாது. எங்க ஊருல ஆர வேணும்னாலும் கேட்டுப் பாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரி மூணு வளையல் ஒட்டுக்கா வாங்குனா, நல்லா இருக்குதுன்னு நாந்தான் மொதல்ல சொன்னேன். வளையல் உருட்டா இல்லாம சப்பையா இருந்துச்சு, அதையும் நாந்தான் சொன்னேன். உள்ளதச் சொன்னாப் பொறாமையா?

சரி, கேளு. ஒறம்பரை சொந்தக்காரங்களுக்கெல்லாம் தங்கறதுக்கு எடம் போட்டிருந்தா கோகிலா. எங்கன்னு நெனைக்கற? நுங்கம்பாக்கத்துல காதர் நவாஸ் கான் ரோடுன்னு ஒண்ணு இருக்குதாம். உனக்குத் தெரியுமா? அந்த ரோட்டுப் பக்கத்துல, பன்னெண்டு மாடி ஓட்டலு. பேரு என்ற வாயில நொழையல. கல்யாண மண்டபத்துல பாயி போட்டாப் படுத்துக்க மாட்டமா? எங்க காலத்துல எல்லாம் மண்டபத்துல சமுக்காளம் விரிச்சு நாப்பது பேரு வரிசையாப் படுத்துக்குவோம். ஆராச்சும் ஒருத்தரு கொறட்டை விடுவாரு, மத்தவங்க சிரிப்போம். இவளுக்கு அதெல்லாம் ஆகாது. ஆளுக்கொரு ரூமு.

வாசல்ல தலப்பாக்கட்டு வெச்ச ஆளு ஒருத்தரு, மீசை இம்முட்டு நீளம், எங்களப் பாத்துக் கும்பிட்டாரு. என்ற ஊட்டுக்காரரு மாப்பிள்ளை ஊட்டுப் பெரியவருன்னு நெனச்சுட்டுப் பதிலுக்குக் கும்பிட்டு, "எப்ப வந்தீங்க, நல்லா இருக்கறீங்களா?"ன்னு கையப் புடிச்சுட்டாரு. அந்த மனுசனும் பாவம், "நல்லா இருக்கேன் சார்"னாரு. உள்ள போனா ஒரே குளிரு. செவுரெல்லாம் கண்ணாடி. எங்கயோ மல்லியப்பூ வாசம், ஆனா எங்கயும் பூவக் காணோம். மேசைக்கு அக்கட்ட நின்ன புள்ளைங்க, "கோகிலா மேடம் கெஸ்டா, வாங்க வாங்க"ங்கறாங்க. கோகிலா மேடம்! இவ எங்க ஊட்டுக்கு வந்த புதுசுல அடுப்புப் பத்த வைக்கத் தெரியாம ஊதி ஊதிக் கண்ணு செவந்து நின்னவ. நாந்தான் ஊதாங்கொழலு எடுத்துக் குடுத்தேன். அது அந்தப் புள்ளைங்களுக்குத் தெரியுமா? சொல்லலாம்னு வாயெடுத்தேன். என்ற ஊட்டுக்காரரு மொழங்கையில இடிச்சாரு.

ரூமுக்குப் போனோம். கதவுக்குச் சாவி கெடையாது, ஒரு அட்டை. அத வெச்சாப் பச்சை வெளக்கு எரியுது. கட்டுலு எங்க களத்துல பாதி இருக்கும். படுத்தா உள்ள போயிருது அம்மணி, எந்திரிக்க இன்னொரு ஆளு வேணும். நான் கீழ விரிப்புலதான் படுத்தேன். குளிக்கற ரூமுல ஒரு வெள்ளைத் தொட்டி. எங்க மாட்டுக் கட்டுத்தரைத் தண்ணித் தொட்டியாட்டவே. இவரு அதுக்குள்ள எறங்கி ஒரு மணி நேரம் படுத்துட்டாரு. நான் கதவத் தட்டுனா, "நாகமணி, நாப்பது வருசம் வேலை செஞ்ச இடுப்பு வலி போச்சு"ங்கறாரு. நான் முப்பத்தாறு வருசமா எண்ணெய் தேச்சு உடறேன். அதுல போகாத வலி கோகிலா வாங்கிக் குடுத்த தொட்டியில போயிருச்சு.

சரி, அதெல்லாம் விடு. இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன்.

ரூமுக்குள்ள மேசை மேல ஒரு தட்டு. நாங்க போறதுக்கு முன்னாலயே வெச்சிருக்குது. ஒறம்பரை வந்தாத் தட்டு வைக்கறது வழக்கந்தான். பழம், வெத்தலை பாக்கு, மஞ்சளு, குங்குமம், பூவு. அதுவும் தாரை வார்க்க வந்தவளுக்கு வைக்கற தட்டுன்னா எப்பிடி இருக்கோணும்? நான் ஆசையாத்தான் கிட்டப் போனேன்.

நாலு பழம் அம்மணி. எண்ணிப் பாத்தேன். ரெண்டு ஆப்பிளு, ஒரு ஆரஞ்சு, ஒரு பேரிக்கா. நாலு! நல்ல காரியத்துக்கு ஆராச்சும் ரெட்டைப்படையில வைப்பாங்களா? அஞ்சு வைக்கோணும், ஏழு வைக்கோணும், இல்லாட்டி மூணாச்சும் வைக்கோணும். மஞ்சளு இல்ல. குங்குமம் இல்ல. வெத்தலை ஒண்ணு கெடையாது. பழத்துக்குப் பக்கத்துல ஒரு கத்தி! ஒறவுக்குக் குடுக்கற தட்டுல கத்திய வெச்சா என்ன அர்த்தம்? அறுத்துப்போட்டேன்னு அர்த்தம். அதுவும் போகட்டும். அதுக்குக் கீழ என்ன விரிச்சிருந்துச்சு தெரியுமா?

வெள்ளைத் துணி. மடிப்புக் கலையாத புது வெள்ளைத் துணி.

புருசன் போனவளுக்குப் பொறந்த ஊட்டுல இருந்து கோடித் துணி வரும் பாரு, அந்த ஞாபகம் வந்துருச்சு. கோகிலாவுக்கு அவ அண்ணன் கொண்டாந்து போட்டப்ப நாந்தான் கூட இருந்தேன். மூஞ்சியப் பாக்க முடியாம நாந்தான் கண்ண மூடிக்கிட்டேன். அவ எனக்கு வெள்ளை வெச்சுத் தட்டு அனுப்பறா. என்ற ஊட்டுக்காரரு தொட்டியில பாட்டுப் பாடீட்டு இருக்காரு, இங்க தட்டுல வெள்ளை. ஒரு அட்டை வேற இருந்துச்சு, இங்கிலீசுல. எழுத்துக் கூட்டிப் பாத்தா அதுல இவரு பேரு மட்டும் போட்டிருக்குது. என்ற பேரு இல்ல. எனக்கு வந்தது உனக்கும் வரோணும்னு நெனைக்கறாளோ? அப்பிடித்தான் தோணுச்சு. வாய் விட்டுச் சொல்ல முடியுமா இத? ஊட்டுக்காரருகிட்டச் சொல்ல முடியுமா, உங்க உசுருக்கு ஆகாததப் பண்ணியிருக்கான்னு? வாயில வந்தாலே பாவம்.

அவரு குளிச்சுப்போட்டு வந்து, துண்டோட நின்னுட்டு, ஒரு ஆப்பிள எடுத்துக் கடிச்சாரு. நான் வேண்டாம்னு சொல்றதுக்குள்ள பாதி தின்னுட்டாரு. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. நாலு மூணாயிருச்சல்ல! ஒத்தப்படை. மாரியாத்தா பாத்துக்கிட்டாள்னு கும்பிட்டுப்போட்டு, கத்திய எடுத்து மேசைக்குள்ள போட்டேன். வெள்ளைத் துணிய உருவி அந்தக் குளிக்கற ரூமுல வீசிட்டேன்.

அவ எதுக்கு அப்பிடிப் பண்ணோணும்னு கேக்கற. கேளு, கேளு. நான் அவளுக்கு என்ன கொறை வெச்சேன்? கொழுந்தனாரு போனப்ப பதினாறு நாளும் அவ பக்கத்துல படுத்தது ஆரு? நானு. ஒரு வாய் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் கெஞ்சுவேன். அப்பறம் சொன்னேன், "கோகிலா, மெட்ராஸ்ல ஒத்தையில என்ன பண்ணுவ? புள்ளையக் கூட்டீட்டு எங்கூடவே வந்து இருந்துரு. இருக்கற கஞ்சிய ஒட்டுக்காக் குடிப்போம்"னு. நல்ல மனசோடதான் கூப்பிட்டேன். என்ன பண்ணுனா? தலைய ஆட்டுனா, ஒரு மாசங்கழிச்சு மெட்ராஸ் போயி, கொழுந்தனாரு நடத்துன அட்டைப்பெட்டிக் கம்பெனியில அவரு நாற்காலியில ஒக்காந்துட்டா. அம்பது பேருக்குச் சம்பளம் குடுக்கறாளாம் இப்ப. லாரிக்காரங்கிட்டச் சண்டை போடறாளாம். காரு ஓட்டறா. புருசன் போனவ அழுதுட்டே கெடந்தா நமக்கும் பாவம்னு இருக்கும், நாமளும் ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாம். இவ சிரிக்கறா. சிரிக்கறவளுக்கு என்னத்தச் சொல்றது?

நேத்து சாயங்காலம் ஓட்டலுப் பக்கத்துல அந்த ரோட்டுக்கு என்னயக் கூட்டீட்டுப் போனா. "அக்கா, உங்களுக்கு ஒரு சேலை எடுக்கோணும், வாங்க"ன்னு. ஒரு கடையில மொத்தமே இருவது சேலை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெளக்கு. எங்க சந்தைக் கடையில இருவது சேலைய ஒரு கையில வெச்சு ஒதறிக் காட்டுவான். பக்கத்துக் கடையில மனுசங்களோட நாயும் ஒக்காந்து பிஸ்கோத்துத் தின்னுது. கோகிலா அந்த நாயத் தடவிக் குடுத்து அதும் பேரு கேட்டா. இங்கிலீசுல கேட்டா. நான் ஓரமா நின்னேன். எனக்குன்னு எடுத்தது என்ன கலரு தெரியுமா? காப்பிப் பொடிக் கலரு. "உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கா"ங்கறா. தாரை வார்க்கறவளுக்குக் காப்பிப் பொடிக் கலரா? செவப்பு ஒண்ணு தொங்குச்சு, நான் அதயே பாத்துட்டு இருந்தேன், அவ பாக்கல. வாயத் தொறந்து கேக்கலாந்தான். நாமளாக் கேட்டு வாங்குனா அது என்ன சேலை?

இன்னைக்கு வெடியால நாஸ்டா. கீழ பெரிய ஹாலு. ஒரு கல்யாணப் பந்தியே இருக்குது. இட்லி, பொங்கலு, ரொட்டி, பழத்துலயே பதினாறு வகை, முட்டைய நின்ன எடத்துல ஒருத்தன் பொரிச்சுப் போடறான். கோகிலா எழுந்து வந்து என்ற ஊட்டுக்காரருக்குத் தட்டு எடுத்து வெச்சா. "மாமா, உங்களுக்குக் கம்பு தோசை இருக்குது, சக்கரை இருக்கறதால அத எடுங்க"ன்னா. அவருக்குச் சக்கரை இருக்கறது இவளுக்கு எப்பிடித் தெரியும்? மாசம் ஒருக்கா போன்ல கேப்பாளாம். மாசம் ஒருக்கா! எனக்குத் தெரியாது. மனுசன் அந்தக் கம்பு தோசையத் தின்னுட்டுச் சொன்னாரு, எல்லாரும் கேக்கறாப்புல: "கோகிலா மாதிரிப் பத்துப் பேரு இருந்தா ஊரு உருப்பட்டுரும்."

அம்மணி, என்ற ஊட்டுக்காரரு வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கறது கல்லுல நாரு உரிக்கறாப்புல. கல்யாணமாகி முப்பத்தாறு வருசம். கொழம்பு நல்லா இருந்தா இன்னொரு கரண்டி கேப்பாரு, அதுதான் பாராட்டு. அந்த மனுசன் அங்க ஒக்காந்துட்டுச் சிரிக்கறாரு. பல்லு தெரியச் சிரிக்கறாரு. அவருக்குக் கடவாப்பல்லு ஒண்ணு இல்லைங்கறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

நான் காப்பியக் கூடக் குடிக்கல. மேல போனேன். போற வழியில பொண்ணு ரூமு, கதவு தொறந்திருந்துச்சு, எட்டிப் பாத்தேன். கோகிலாவும் மிருதுளாவும் தங்கியிருக்கற ரூமு. அங்க தட்டு இல்ல. கூடை! மூங்கக் கூடையில பழம் குமிஞ்சு கெடக்குது, மேல ரோசாப்பூ, சாக்லேட்டு. எண்ண முடியல அம்மணி, அத்தனை. சரி, தனக்கு ஒண்ணு, ஓரகத்திக்கு ஒண்ணு. இருக்கட்டும்னு எங்க ரூமத் தொறந்தேன்.

மறுபடியும் நாலு.

நான் பொய் சொல்லல. மேசை மேல, புதுசா ஒரு ஆப்பிள வெச்சு நாலாக்கிப் போட்டிருக்குது. புது வெள்ளைத் துணி. புதுக் கத்தி. நேத்து மூணாயிருச்சேன்னு நான் நிம்மதியாத் தூங்குனேன். அவளுக்கு அது பொறுக்கல. ஒருக்கா வெச்சாத் தெரியாம வெச்சான்னு விட்டுரலாம். தின்னு கொறஞ்சதப் பாத்து மறுபடி ரெட்டைப்படையாக்கி வைக்கறான்னா?

எங்கிருந்துதான் எனக்கு அந்தத் தைரியம் வந்துச்சோ. நாளைக்குக் கட்டறதுக்கு வெச்சிருந்த பட்டையே எடுத்துக் கட்டுனேன். பூ வெச்சேன். தாலியக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். இவளும் வேண்டாம், இவ பொண்ணுக்குத் தாரை வார்க்கறதும் வேண்டாம், என்ற ஊட்டுக்காரரு நல்லா இருந்தாச் சரின்னு கெளம்பீட்டேன். அவருகிட்டச் சொல்லல, அவரு மண்டபத்துக்குப் போயிட்டாரு. நான் இல்லாட்டி ஜோடி இல்ல. ஜோடி இல்லாட்டித் தாரை இல்ல. அப்பத் தெரியும் மூத்தவ அருமை. கீழ இருந்த புள்ளைகிட்ட, "நாகமணி ஊருக்குப் போயிட்டாள்னு கோகிலா மேடத்துகிட்டச் சொல்லு"ன்னேன். போனை அமத்திப்போட்டேன். இதா, பையில கெடக்குது.

என்ன அம்மணி சிரிக்கற?

சிரிச்ச. நான் பாத்தேன். இல்லையா? அப்பறம் என்ன, சொல்லு.

நீ எங்க தங்குவ? ஆபீஸ் வேலையாப் போனா இந்த மாதிரி ஓட்டல்லதானா. சரி. உன்ற ரூமுலயும் வெச்சிருந்தாங்களா? ஆரு வெச்சாங்க? ஆரும் வைக்கலையா? ஓட்டல்காரங்களேவா? எதுக்கு? அவங்களுக்கு நாம என்ன ஒறவு?

இரு இரு. எல்லா ரூமுலயுமா? எல்லா ரூமுக்கும் நாலா? அட்டையில எழுதுனது? ஓட்டல் மேனேஜரு. ரூமு ஆரு பேருல இருக்குதோ அவங்க பேரு. சரி. கத்தி பழம் அரியறதுக்கு. வெள்ளைத் துணி? கையி தொடைக்கவா! இம்முட்டு வெள்ளையாவா கையி தொடைப்பாங்க? எங்க ஊட்டுல அந்தத் துணிய நோம்பிக்குத்தான் எடுப்போம்.

அப்ப அந்தக் கூடை? கூடைக்கு என்ன சொல்ற? பெரிய ரூமுக்குப் பெரிய கூடை, கல்யாணப் பொண்ணு ரூமுன்னாப் பூவும் சேத்து. சரி, அப்ப மறுநாளு நாலாக்குனது? தின்னது கொறஞ்சா நெரப்பி வைப்பாங்களா? தின்னுட்டே இருந்தா வெச்சுட்டே இருப்பாங்களா?

நீ என்னயச் சமாதானப்படுத்தறதுக்குச் சொல்லல இல்ல? உன்ற அம்மா மேல சத்தியமா? வேண்டாம், சத்தியமெல்லாம் வேண்டாம்.

...

தண்ணி இருக்குதா அம்மணி? குடு.

அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். எப்பிடிக் கேக்கறது? "எனக்கு எதுக்கு வெள்ளை வெச்ச?"ன்னு புருசனத் தின்னு நிக்கறவகிட்ட... பாரு, என்ற வாயி எப்பிடிப் போகுது பாரு. எட்டு வருசமா இந்த வார்த்தை என்ற வாயில வந்ததில்ல. இப்ப வருது.

போனைத் தொறக்கச் சொல்ற. தொறந்து என்னன்னு சொல்லுவேன்? நாலு பழத்துக்காக ஓடியாந்துட்டேன்னா? சரி, நீயே தொற. எனக்கு அந்தப் பித்தானு எதுன்னு தெரியாது, பையன் அமத்திக் குடுத்தா உண்டு. கெளம்பறப்ப எப்பிடியோ அமுக்குனதுல அமந்துச்சு.

அய்யோ, எத்தனை மொறை கூப்பிட்டிருக்காங்க! முப்பத்தோரு மொறையா? கோகிலா எத்தனை? பத்தொம்போதா. அவரு? ம்.

பாரு, அவருதான். எடுக்கட்டுமா? நீ பேசறயா? இல்ல, குடு.

ஏனுங்... ஆமாங்க, ரயில்லதான்... அரக்கோணந் தாண்டிருச்சுங்க... இல்லீங், ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்... திட்டாதீங்க, சொல்றேன், பொறவு சொல்றேன்... கோகிலா என்ன சொன்னா?... ம்... ம்... ஆரு, மிருதுளாவா?... என்னன்னு?... அருமைக்காரரு ஒத்துக்கிட்டாரா? அவரா!... ம்... மாப்பிள்ளை ஊட்டுல?... ம்... சரிங்க... இல்லீங், அழுகல... சரிங்க. நீங்க மாத்திரை போட்டுக்குங்க.

...

வெச்சுட்டாரு. திட்டவே இல்ல அம்மணி. திட்டியிருந்தாத் தேவல.

மத்தியானம் சீருக்கு எல்லாரும் மண்டபத்துல ஒக்காந்தாங்களாம். என்னயத் தேடியிருக்காங்க. ஓட்டல்ல கேட்டா, ஊருக்குப் போயிட்டாங்கன்னு அந்தப் புள்ள சொல்லிருச்சு. கோகிலா, "அக்கா இல்லாம ஆகாது, வேற நாளு பாப்போம்"னு அழுதாளாம். அப்ப அந்தப் பொண்ணு மிருதுளா எந்திரிச்சு நின்னு, "பெரியம்மாவுக்கு அம்மாவுக்குப் பதிலா ஒக்கார மனசு வரல போல. ஆரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். என்னயப் பெத்தது எங்கம்மா. எங்கம்மாதான் தாரை வார்க்கோணும்"னு சொல்லிருச்சாம். எங்க பக்கம் கல்யாணஞ் செஞ்சு வைக்கற அருமைக்காரரு இருக்காரே, நூலு பெசகுனாலும் எந்திரிச்சுப் போற மனுசன், அவரு ரெண்டு நிமிசம் தாடிய நீவீட்டு ஒக்காந்திருந்தாராம். அப்பறம், "பெத்தவ கையிக்கு மேல எந்தக் கையி இருக்குது? செய்யட்டும்"னுட்டாராம்.

முடிஞ்சுது. கோகிலா தாரை வார்க்கறா. ஒத்தையில.

நான் இருந்திருந்தா அந்தப் பேச்சே வந்திருக்காது. ஆரும் கேட்டிருக்க மாட்டாங்க. அவளுங் கேட்டிருக்க மாட்டா. ஓரமா நின்னு, தூணுக்குப் பின்னால மறைஞ்சுக்கிட்டு, பெத்த பொண்ணு கல்யாணத்த எட்டிப் பாத்திருப்பா. நான் முன்னால ஒக்காந்திருப்பேன். நான் எந்திரிச்சு வந்து அவளுக்கு எடம் பண்ணிக் குடுத்திருக்கேன் அம்மணி. நானாப் பண்ணுனது.

அவளுக்குக் கம்பெனி இருக்குது, காரு இருக்குது, நாயி பேரு கேக்க இங்கிலீசு இருக்குது. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. இந்த மஞ்சக் கயிறு. இத வெச்சுத்தான் நான் அவள விட ஒரு படி மேல நின்னேன். இது இல்லாமயே நடக்கும்னு ஆயிப்போச்சு. இத்தனை நேரம் உன்றகிட்டச் சொன்னதெல்லாம் பொறாமையே இல்ல அம்மணி. தொட்டியும் சேலையும் கம்பு தோசையும், அதெல்லாம் சும்மா. இப்பத்தான் எரியுது. இங்க, தொண்டைக்குக் கீழ.

பொண்ணு பெத்தவ அவ. அவ பொண்ணு, அவ குடுக்கறா. எனக்கு என்ன?

ஆமா, திரும்பிப் போலாந்தான். நீ சொல்றது சுலுவு. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது? போனா எனக்கு அங்க என்ன வேலை? ஒக்கார்றதுக்கு எடமில்ல. "நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி, இனி அது மாறாது"ன்னு அவரே சொல்லிட்டாரு.

ஆனா ஒண்ணு. அவளுக்குத் தாரை வார்க்கத் தெரியாது. ஒரு மாசமா நான் ஊட்டுக் கொல்லையில சொம்பு வெச்சுப் பழகியிருக்கேன், ஆருக்கும் தெரியாம. பாக்கறதுக்குத் தண்ணி ஊத்தறதுதான், ஆனா சொம்பு கனம். அம்மாக்காரி ஊத்தோணும், அப்பன்காரன் பொண்ணு கையப் புடிச்சுக் குடுக்கோணும். ரெண்டு ஆளு வேலை. இவ ஒத்தையில ஒரு கையில பொண்ணு கையப் புடிச்சுட்டு, இன்னொரு கையில சொம்பத் தூக்கி எப்பிடிச் சாய்ப்பா? அந்த நேரத்துல கையி நடுங்கும். கொழுந்தனாரு ஞாபகம் வரும். நடுங்காம இருக்குமா? தண்ணி பொண்ணு கையில விழாமக் கீழ சிந்துனா, "பாத்தயா, அதுக்குத்தான் ஆகாதுங்கறது"ன்னு பின்னால ஒரு வாயி சொல்லும். நாலு வாயி சொல்லும். நான் அங்க இருந்தா நானே சொல்லியிருப்பேன்.

சொம்பு அடியில ஒருத்தரு தாங்கிப் புடிக்கோணும்.

அதுக்கு மணவறையில ஒக்காரத் தேவையில்ல. பின்னால குத்த வெச்சு, கைய நீட்டித் தாங்குனாப் போதும். காப்பிப் பொடிக் கலரு சேலையில இருந்தா ஆரு கண்ணுக்கும் படாது.

காட்பாடி வருதா? எத்தனை நிமிசம் நிக்கும்? மெட்ராஸ் போற வண்டி உண்டா இங்கிருந்து? உண்டல்ல. அந்தப் பையக் கீழ எறக்கு அம்மணி. இல்ல, எனக்கு ஒண்ணும் மனசு மாறல. நல்லவளா ஆயிப்போட்டேன்னு நெனச்சுக்காத. நாளைக்குப் போட்டோவுல அவ மூஞ்சி வரும், பொண்ணு மூஞ்சி வரும், என்றது கையி மட்டுந்தான் வரும். அத நெனச்சா இப்பவே வயிறு எரியுது.

எரிஞ்சுட்டே புடிச்சுக்கறேன். வழி உடு, எறங்கோணும்.